எண்பத்திரண்டு வயதில் ஒரு ஸ்டென்ட்

சென்ற ஆண்டு தைக் கிருத்திகையன்று காலை தில்லி ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலில் படியேறிக்கொண்டிருந்தபோது, அப்பா பாதி வழியில் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கியிருக்கும் என்று நானும் உடன் நின்றேன். பத்துப் படி தாண்டுவதற்குள் மறுபடியும் துடைத்தார். மூன்றாம் முறை துடைத்தபோதுதான், அவருடைய இடது கை சால்வைக்குள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். "ஒன்றுமில்லையம்மா, குளிர்தான்" என்றார். தில்லியில் ஐம்பது குளிர்காலங்களுக்கு மேல் கண்டவர் குளிரின்மீது பழி போட்டால் நம்புவதற்கில்லை. வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டதில், கார்த்திகை மாதத்திலிருந்தே காலையில் குளித்துவிட்டு வரும்போது நெஞ்சு இறுகுவதாகவும், கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடுவதாகவும், எங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் நடந்தவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்திருந்தேன். மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் மட்டும் எண்பதைத் தொட்ட தமிழ்ப் பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் லிஃப்டிலும் காய்கறி வண்டியருகிலும் அடைபட்ட இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற கம்பிவலையையும், அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவையையும் பற்றி என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "இந்த வயதில் இதெல்லாம் செய்யலாமா?" நான் மருத்துவர் அல்லள், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஆனால் ஆறு மாத காலம் மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், அப்பாவின் அருகில் இருந்து பார்த்தும் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. வயதை மட்டும் முன்வைத்துக் கேட்கும் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடையாது. எதற்காகச் செய்கிறோம், உயிரை நீட்டிக்கவா, வலியைக் குறைக்கவா என்று கேட்டால்தான் மருத்துவரிடமிருந்து வேறுவிதமான பேச்சே தொடங்குகிறது.

அப்பாவுக்கு வயது 82. சர்க்கரை நோய் வந்து இருபத்தைந்து ஆண்டுகள். டிரெட்மில் சோதனைக்கு முழங்கால் இடம் தராது என்பதால், எக்கோ எடுத்துவிட்டு நேரே ஆஞ்சியோகிராமுக்குப் போனோம். மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். பட்டியலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்திப் படம் எடுத்து முடித்த இருபதாவது நிமிடத்தில், பச்சை அங்கி அணிந்த இளம் மருத்துவர் ஒருவர் என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உள்ள அறைக்கு அழைத்தார். திரையில் படம் உறைந்து நின்றது. மூன்று இடங்களைப் பேனாவால் தொட்டு, அடைப்பு 90, 80, 70 சதவீதம் என்றார். "அப்பா மேஜையில்தான் இருக்கிறார். மூன்று ஸ்டென்ட் இப்போதே வைத்துவிடலாம். இப்படியே அனுப்பினால் எந்த நேரத்திலும் எதுவும் நடக்கலாம்" என்றார். யோசிக்கப் பதினைந்து நிமிடம் கொடுத்தார். கண்ணாடிக்கு அப்பால் அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வலது கால் கட்டைவிரல் ஏதோ ஒரு தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தது.

நான் வேண்டாம் என்றேன். துணிச்சலால் அன்று, எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று புரியாத தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாததால். பெங்களூரிலிருந்து தம்பி தொலைபேசியில் கடிந்துகொண்டான். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் வாழ்நாள் முழுவதும் அந்தப் பதினைந்து நிமிடம் என்னைத் துரத்தியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பின்னர் படித்துத் தெரிந்துகொண்ட அளவில், எந்த நேரத்திலும் எதுவும் நடக்கலாம் என்ற அந்த வாக்கியம் அப்பாவின் நிலைக்குப் பொருந்தாதது. அதை அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதய இரத்தக் குழாய் அடைப்பு என்றதும் நம் மனத்தில் சமையலறைத் தொட்டிக் குழாய்தான் வருகிறது. அழுக்கு சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் முழுவதும் அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு என்று எண்ணுகிறோம். பெரும்பாலான மாரடைப்புகள் அப்படி வருவதில்லை. குழாயின் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று வெடித்து, அதன்மேல் இரத்தம் சட்டென உறைவதால் வருகின்றன. வெடிக்கும் திட்டு, படத்தில் மிகக் குறுகலாகத் தெரியும் இடத்தில்தான் இருக்கும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே 90 சதவீதம் என்று தெரியும் இடத்தில் ஸ்டென்ட் வைத்தால், அந்த இடத்தைத் தாண்டி இரத்தம் தாராளமாக ஓடும், படியேறும்போது வரும் வலி குறையும். நாளை வேறோர் இடத்தில் திட்டு வெடிக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. திட்டுகளைச் சாந்தப்படுத்தும் வேலையைச் செய்பவை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் போன்ற மாத்திரைகளே.

இதனால் ஒரே சிகிச்சை மூன்று வெவ்வேறு சூழ்நிலைகளில் மூன்று விதமான பலனைத் தருகிறது. குழாய் முழுவதும் அடைபட்டு, இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரியும் நிலையில், உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி, அதாவது பலூனால் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது, உயிரைக் காக்கிறது. அங்கே 85 வயதா 90 வயதா என்று தயங்கிக்கொண்டிருப்பதே ஆபத்து. மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. முதியவர்களிடம் இந்த மாரடைப்பு நெஞ்சு வலியாகவே வர வேண்டும் என்றில்லை. மூச்சு வாங்குதல், காரணமில்லாத சோர்வு, வியர்வை, வாந்தி என்று வந்து, வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு இரவு முழுவதும் காத்திருந்த வீடுகளை நான் அறிவேன்.

இரண்டாவது, இ.சி.ஜி.யில் அவ்வளவு தெளிவாகத் தெரியாமல், இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் மட்டும் உயர்ந்திருக்கும் மாரடைப்பு. முதியவர்களுக்குப் பெரும்பாலும் வருவது இதுதான். இதில்தான் மருத்துவ உலகிலேயே இழுபறி நீடித்தது. நார்வேயில் 80 வயதைக் கடந்த 457 பேரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆஞ்சியோ பாதையில், அதாவது படம் எடுத்துத் தேவையானால் அடைப்பைச் சரிசெய்யும் வழியில், அனுப்பப்பட்டவர்களுக்கு மறு மாரடைப்பும் அவசரச் சிகிச்சையும் குறைந்தன. இறப்பில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் 75 வயதைக் கடந்த 1,518 பேரைச் சேர்த்து நடத்திய சீனியர் ரீட்டா ஆய்வு 2024இல் வந்தது. அவர்களுடைய சராசரி வயது 82, அதாவது அப்பாவின் வயது. தளர்ந்துபோனவர்களையும் ஞாபகக் குறைவு உள்ளவர்களையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால் எனக்கு அதன்மீது தனி மரியாதை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இதயக் காரணத்தால் இறந்தவர்கள் அல்லது மறுபடி மாரடைப்பு கண்டவர்கள், ஆஞ்சியோ பாதையில் 25.6 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26.3 சதவீதம். ஏறக்குறைய ஒன்றே. உயிர் தப்பிய மாரடைப்புகளை மட்டும் தனியாக எண்ணினால் 11.7க்கு 15 என்று ஆஞ்சியோவுக்குச் சற்று நன்மை உண்டு. சிகிச்சையால் நேர்ந்த சிக்கல்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இந்த வயதில் மேஜைமீது படுக்க வைத்தாலே ஆபத்து என்ற பயமும் தவறு, செய்யாவிட்டால் போய்விடுவார் என்ற பயமும் தவறு என்றுதான் நான் இதைப் படித்தேன்.

மூன்றாவது, அப்பாவினுடையது. நடந்தால் வலி, நின்றால் இல்லை. மாதக்கணக்கில் அதே அளவில் இருக்கிறது. இந்த நிலையில் ஸ்டென்ட் வைப்பது ஆயுளை நீட்டிப்பதில்லை என்று 2007இல் 2,287 பேரிடம் நடத்திய கரேஜ் ஆய்வும், இந்தியாவையும் உள்ளிட்ட 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டன. வலி குறைகிறது, அது உண்மை. இதயத்தின் இடப்பக்கத் தலைக்குழாயில் அடைப்பு இருந்தாலோ, இதயத்தின் பம்ப் செய்யும் ஆற்றல் மிகவும் குறைந்திருந்தாலோ கணக்கு வேறு. அத்தகையவர்களை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. அப்பாவுக்கு இரண்டும் இல்லை. ஆக அந்தப் பதினைந்து நிமிட அவகாசம் உண்மையில் பதினைந்து வாரமாகவே இருந்திருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இஸ்கீமியா ஆய்வில் சேர்ந்தவர்களின் நடு வயது 64. இந்தச் சிகிச்சையின் வரலாறே இளையவர்களிடம் தொடங்கியதுதான்: 1977 செப்டம்பரில் ஜூரிக் நகரில் ஆந்திரேயாஸ் குருண்ட்சிக் முதன்முதலாகப் பலூன் வைத்து விரித்தது 38 வயதுக்காரர் ஒருவருடைய இரத்தக் குழாயை. நெடுங்காலம் ஆய்வுகளில் முதியவர்களுக்கு இடமே இருக்கவில்லை. அறுபத்துநான்கு வயதுக்காரருக்குக் கிடைத்த விடையை எண்பத்திரண்டுக்குப் பொருத்தும்போது, சிகிச்சையின் பலன் சுருங்குகிறது, அதற்குக் கொடுக்கும் விலை ஏறுகிறது. விலை எந்த உருவத்தில் வருகிறது என்பதைப் பெரியப்பா மூலம் முன்பே பார்த்திருந்தேன்.

பெரியப்பா ரயில் பவனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 79 வயதில் பைபாஸ் செய்துகொண்டார். அவருக்கு அறுவை சிகிச்சையில் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் கையால் நடந்தது என்பதை, ஏதோ தானே பக்கத்தில் நின்று கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்ததைப் போலச் சொல்லுவார். அவருடைய முடிவும் தவறானதன்று. தலைக்குழாயில் அடைப்பு, பம்ப் ஆற்றல் 35 சதவீதம், பைபாஸ்தான் வழி. கையெழுத்துப் போடும் நாளில் மருத்துவர் சொன்னது ஓர் எண்: நூற்றுக்கு ஐந்து பேர் இறக்கலாம். நாங்கள் எல்லோரும் அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஐந்தில் அவர் இல்லை. ஆறாம் நாள் வார்டுக்கு வந்துவிட்டார், சிகிச்சை வெற்றி.

நடுவில் இருந்த நாள்களை எந்த எண்ணும் சொல்லவில்லை. மூன்றாம் இரவு ஐ.சி.யூ.வில் அவர் தன்னை ரயில் பவனில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, காணாமல்போன ஒரு கோப்பைத் தேடிக் கையிலிருந்த குழாய்களைப் பிடுங்கினார். ஐம்பது ஆண்டுகள் சரளமாகப் பேசிய இந்தி அவரை விட்டுப் போய்விட்டது. தமிழில் மட்டுமே பேசினார். கைகளைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இரவுப் பணியில் இருந்த மலையாளச் செவிலியர் ஒருவர், "அப்பூப்பா, ஃபைல் கிடைச்சாச்சு, தூங்குங்க" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சொல்லி அமைதிப்படுத்தினார். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் எடுத்துப் பையில் போட்டு எங்களிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதால், பாவம், அவருக்கு எதுவும் தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை. மறுநாள் அவற்றைக் கெஞ்சி உள்ளே அனுப்பியபின் நிலைமை மெல்ல மாறியது. இந்த மனக்குழப்பம் பெரிய அறுவை சிகிச்சைக்குப்பின் முதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது, பெரும்பாலும் சில நாள்களில் தெளிந்துவிடுவது. அதைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெரியம்மா அந்த மூன்று நாள்களும் "மூளை போய்விட்டதே" என்று அழுதிருக்க வேண்டியதில்லை.

நெஞ்செலும்பு கூடும்வரை, எட்டு வாரங்களுக்கு மேல், படுக்கையிலிருந்து கையை ஊன்றி எழக் கூடாது. பைபாஸுக்காக இரத்தக் குழாய் எடுத்த கால் மாலையானால் வீங்கும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதற்கு ஒரு மாத்திரை கூடியது. பழைய பெரியப்பாவாக அவர் மெட்ரோ ஏறிக் கரோல் பாக் போய் வர ஏழு மாதம் ஆனது. இப்போது 84, நன்றாக இருக்கிறார், பெரம்பூர் கதையை இன்னும் சொல்லுகிறார். பைபாஸை நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியில் 75 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. இதயத்தை நிறுத்திச் செய்தாலும் ஓடவிட்டபடியே செய்தாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே. மன்மோகன் சிங் 1990இல் ஒரு பைபாஸ் செய்துகொண்டு, பிரதமராக இருக்கும்போதே 2009 ஜனவரியில் தம் 76ஆம் வயதில் இதே தில்லி எய்ம்ஸில் மறு பைபாஸ் செய்துகொண்டு, அதே ஆண்டு மறுபடியும் பிரதமராகி, 92 வயது வரை வாழ்ந்தார். எங்கள் உறவில் யாருக்கு அடைப்பு என்றாலும் முதலில் மேற்கோள் காட்டப்படுபவர் அவர்தான். அவரைக் காட்டியவர்கள் யாரும், பைபாஸின் பலன் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்வது, அதன் வேதனையை மட்டும் முதலிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று சொன்னதில்லை.

அப்பாவின் ஆஞ்சியோ குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே இதய மருத்துவரும் அறுவை நிபுணரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். அறுவை நிபுணரின் பக்கமும் நியாயம் இருந்தது: சர்க்கரை நோயோடு மூன்று குழாய்களில் அடைப்பு என்றால் ஸ்டென்டைவிடப் பைபாஸே மேல் என்று 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியிருக்கிறது. அதே ஆய்வில் ஐந்தாண்டுக்குள் பக்கவாதம் கண்டவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 2.4 சதவீதமும் பைபாஸ் செய்தவர்களில் 5.2 சதவீதமும் என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மூன்றும் உண்மையிலேயே இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றனவா, கண்ணுக்கு அப்படித் தெரிகின்றனவா என்பது முதலில் தெரிய வேண்டும் என்றார் இதய மருத்துவர். அதற்கு மெல்லிய அழுத்தக் கம்பி ஒன்றைச் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார்கள். பின்னழுத்தத்தை முன்னழுத்தத்தால் வகுத்த விகிதம் 0.80க்கு மேல் இருந்தால் அந்த அடைப்பைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

பிறகு அவர் செய்த காரியம் எங்களுக்கு வியப்பாக இருந்தது. அப்பாவை எழுப்பி நடக்கச் சொன்னார். ஐந்து மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்க ஆறு வினாடியோ அதற்கு மேலோ ஆகும் முதியவர்களுக்கு, இதய அறுவை சிகிச்சைக்குப்பின் இறப்பும் பெரிய சிக்கல்களும் கூடுதல் என்று கனடா நாட்டு மருத்துவர்கள் 2010இல் காட்டியிருக்கிறார்கள். எந்த ஸ்கேனும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். வீட்டுக்கு வந்ததும் நான் அதை மறுபடியும் செய்து பார்த்தேன். எங்கள் கூடத்தில் இரண்டடி ஓடுகள். எட்டு ஓடும் ஒரு சாணில் பாதியும் சேர்ந்தால் ஐந்து மீட்டர். அப்பா எடுத்துக்கொண்டது ஏழு வினாடி. "செருப்பு வழுக்குகிறது" என்று கழற்றிவிட்டு மறுபடியும் நடந்தார், ஆறரை. தேர்வில் தோற்ற மாணவனைப் போல என்னைப் பார்த்தார். பைபாஸ் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் அத்துடன் முடிந்தது.

அடுத்து சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.5 என்ற எண்ணைப் பார்த்து, கொஞ்சம்தானே கூடுதல் என்று நினைத்திருந்தோம். வயது கூடக் கூடத் தசை குறைவதால் கிரியேட்டினின் உருவாவதும் குறையும். ஆகவே இளையவரிடம் அவ்வளவாகத் தெரியாத அதே எண், 82 வயதில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 46 மதிப்பெண்ணில் ஓடுகிறது என்று பொருள். ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் இப்படிப்பட்ட சிறுநீரகத்தை மேலும் வாட்டக்கூடும். மேஜையிலேயே மூன்று ஸ்டென்டையும் வைத்துவிடுவோம் என்பதை நான் மறுத்ததில் நேர்ந்த நன்மை இதுதான் என்று பின்னால் தெரிந்தது: படத்துக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு வேறொரு நாள் என்று பிரித்தால் சாயமும் பிரிகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை அன்று நிறுத்தி இரண்டு நாள் கழித்துச் சிறுநீரகத்தைச் சோதித்தபின் தொடங்குவது ஆகியவற்றையும் இந்த மருத்துவர்தான் எழுதிக் கொடுத்தார்.

முதலில் ஆறு வாரம் மருந்தோடு இருந்து பார்க்கலாம் என்று முடிவானது. இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை, குழாயைத் தளர்த்தும் நைட்ரேட், ஸ்டாடின், வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கச் சார்பிட்ரேட். அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஒரு நீள நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை நிமிடம், மாத்திரை வைத்ததா இல்லையா என்று பதிவு எழுதத் தொடங்கினார். முதல் வாரத்தில் பதினொரு பதிவுகள். நான்காம் வாரத்தில் ஐந்து. அதற்குக் கீழே குறையவில்லை. மாத்திரையைக் கூட்டினால் நாடித் துடிப்பு ஐம்பதுக்குக் கீழே போய்த் தலைசுற்றி, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்கவில்லை டாக்டர், வெந்நீரில் குளித்துவிட்டு வலியில்லாமல் வெளியே வர வேண்டும், மாதம் ஒருமுறை முருகனைப் பார்க்க வேண்டும்" என்று அவரே சொன்னார். வலியைக் குறைக்க என்ற காரணம் எழுதப்பட்ட பின்புதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

அழுத்தக் கம்பி சொன்ன விடை: முன்பக்கக் குழாயில் 0.72; இரண்டாவதில் 0.86, மூன்றாவது தொட வேண்டிய அளவுக்குப் பெரிய கிளையே அன்று. மூன்று ஸ்டென்ட் ஒன்றாயிற்று. அந்த ஒன்றும் எளிதாக இல்லை. எண்பது ஆண்டுகள் ஓடிய குழாயின் சுவரில் கொழுப்போடு சுண்ணாம்பும் படிந்து கல்லாகியிருந்தது, பலூன் விரியவில்லை. சிறுநீரகக் கல்லை உடைப்பதற்குப் பயன்படுத்தும் அதிர்வலை முறையையே சின்னதாக்கிப் பலூனுக்குள் வைத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு சுண்ணாம்பை விரிசல் விடச் செய்தபின் ஸ்டென்ட் அமர்ந்தது. முதியவர்களின் குழாய்களில் இந்தச் சுண்ணாம்புதான் பெரிய வில்லங்கம் என்றும், அவசரத்தில் அதைக் கவனிக்காமல் வைத்த ஸ்டென்ட் முழுதாக விரியாமல் பின்னாளில் அடைத்துக்கொள்ளும் என்றும் மருத்துவர் சொன்னார். ஸ்டென்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. அப்போது மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஆனால் இந்த அதிர்வலைப் பலூன் போன்றவற்றின் விலை பில்லில் தனியாக நிற்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வழியாகவே செய்ததால் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். தொடை வழியைவிட இதில் இரத்தக் கசிவு குறைவு என்பது முதியவர்களுக்குச் சின்ன விஷயமன்று.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் எடுக்க வேண்டும். அப்பாவின் ஹீமோகுளோபின் முன்பே 10.6. பதினொன்றுக்குக் கீழே என்றாலே இரத்தப்போக்கு ஆபத்து மிகுந்தவர் என்று கணக்கு. அத்தகையவர்களுக்கு இரட்டை மாத்திரையை ஒரு மாதத்திலேயே ஒன்றாகக் குறைத்தாலும் மாரடைப்பு கூடுவதில்லை, இரத்தப்போக்கு குறைகிறது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த குழாய் என்பதால் எங்கள் மருத்துவர் மூன்று மாதம் என்று எழுதியிருந்தார். ஏழாவது வாரம் அப்பா வெளிறிப்போய், எழுந்தால் கண் இருட்டுகிறது என்றார். மலம் மூன்று நாளாகக் கருப்பாகப் போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 8.1. எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் சிறு புண்.

காரணம் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நெஞ்சு வலி குறைந்ததும் நடை கூடியிருக்கிறது. நடை கூடியதும் முழங்கால் வலித்திருக்கிறது. மார்க்கெட்டு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, தினம் இரண்டாக விழுங்கியிருக்கிறார். பாதி காலியான அந்த அட்டையை நான் எடுத்து நீட்டியபோது, "இது காலுக்குத்தானே, இதயத்துக்கு இல்லையே" என்றார். இரத்தத்தை இளக்கும் இரண்டு மாத்திரைகளோடு அந்த வகை வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசிவதும், சிறுநீரகம் அடிவாங்குவதும் எதிர்பார்க்க வேண்டியவை. எங்களிடம் யாரும் அதை அழுத்திச் சொல்லவில்லை. கேட்கும் புத்தி எனக்கும் வரவில்லை. மூன்று நாள் மருத்துவமனை, இரண்டு பாட்டில் இரத்தம். ஆஸ்பிரினை நிறுத்தி, குளோபிடோக்ரலை மட்டும் வைத்துக்கொண்டு, இரைப்பைக்குப் பான்டோபிரசோல் தொடரச் சொன்னார்கள். கிரியேட்டினின் 1.9 வரை போய், ஒரு மாதத்தில் 1.6க்கு இறங்கியது. ஒப்புதல் படிவத்தில் இருந்த எந்த எண்ணிலும் இந்த மூன்று நாள் சேராது. சிகிச்சை வெற்றி என்றே எங்கள் கோப்பிலும் இருக்கும்.

முழங்காலுக்கு இப்போது பாரசிட்டமாலும், பிசியோதெரபி செய்பவர் கற்றுக்கொடுத்த நாற்காலிப் பயிற்சியும்தான். தொடாமல் விட்ட இரண்டாவது அடைப்பைப் பற்றித் தம்பி மாதம் ஒருமுறை கேட்கிறான். நானும் மாதம் ஒருமுறை 0.86 என்று பதில் சொல்லுகிறேன். அப்பாவின் நீள நோட்டு தொடர்கிறது. இரத்தக் கசிவு வந்த வாரத்தைச் சிவப்பு மையில் கட்டம் கட்டி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார். குளியலறை என்ற பதிவு வைகாசிக்குப்பின் இல்லை. ஆடிக் கிருத்திகையன்று மலை மந்திர் போய்வந்த மாலை எழுதியது இப்படி இருக்கிறது: "காலை 7.40. படி ஏறியது. நின்ற இடம் ஒன்று. நெஞ்சு, இல்லை. மாத்திரை, இல்லை. நின்ற காரணம்: முழங்கால்."